ரத்தினங்களைப் பிரித்தறிய எந்த ஒளியியல் பண்பை முதலில் பார்க்க வேண்டும்?

ஒரே அளவில், ஒரே சிவப்பில், ஒரே விதமாகப் பட்டை தீட்டப்பட்ட நான்கு கற்களை வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிட்டு, அவற்றில் மாணிக்கம் எது, ஸ்பைனல் எது, கார்னெட் எது, கண்ணாடி எது என்று கேட்டால், வெறும் கண்ணால் பார்த்து உறுதியான பதில் சொல்ல எவராலும் முடியாது. நிறம்தான் முதலில் கண்ணில் படுகிறது. கல்லை அடையாளம் காண்பதில் மிகக் குறைவாக உதவுவதும் நிறம்தான். மாணிக்கத்துக்கும் சிவப்பு ஸ்பைனலுக்கும் சிவப்பைத் தருவது குரோமியம் என்ற ஒரே தனிமம். அதே குரோமியம் பெரில் படிகத்துக்குள் அமரும்போது மரகதத்தின் பச்சை கிடைக்கிறது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முகப்பில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' பல நூற்றாண்டுகள் மாணிக்கம் என்றே போற்றப்பட்டது. உண்மையில் அது ஒரு ஸ்பைனல். இவ்விரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1783இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே தெ லீல் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வரை, அரசவைகளில்கூட இந்தக் குழப்பம் நீடித்தது.

இன்று நம்மிடம் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதை எப்போது நம்புவது என்ற கேள்விக்குப் பலரிடம் தெளிவான விடை இல்லை. கீறிப் பார்ப்பது கல்லைக் கெடுக்கும். ஒப்படர்த்தி பார்க்க வேண்டுமானால் நகையிலிருந்து கல்லைக் கழற்ற வேண்டும். ஒளியைக் கொண்டு செய்யும் சோதனைகள் மட்டுமே கல்லுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் பதில் தருகின்றன. ஒளிவிலகல் எண், இரட்டை ஒளிவிலகல், பார்க்கும் திசைக்கு ஏற்ப நிறம் மாறும் தன்மை, உட்கவர் நிறமாலை, புற ஊதா ஒளியில் ஒளிர்தல், நிறப்பிரிகை என ஆறு பண்புகள் இங்கே போட்டியில் இருக்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை என்பதே என் கருத்து. கையில் உள்ள கல் எந்த இரண்டு அல்லது மூன்று கற்களில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று முதலில் ஐயத்தைக் குறுக்கிக்கொண்டு, அந்தக் குறிப்பிட்ட கற்களை எந்தப் பண்பு பிரிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி.

ஒளிவிலகல் எண்: துல்லியமான சாட்சி, ஆனால் நிபந்தனைகளுடன்

காற்றிலிருந்து கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் சொல்கிறது. அது கல்லின் வேதியியல் கலவையாலும் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள விதத்தாலும் தீர்மானிக்கப்படுவதால், கல்லின் நிறமோ அளவோ பட்டையோ மாறினாலும் எண் மாறுவதில்லை. குவார்ட்ஸ் வகைகளான அமெதிஸ்ட், சிட்ரின், நிறமற்ற படிகம் ஆகிய மூன்றுக்கும் 1.544 முதல் 1.553 வரை, அக்வாமரீனுக்கு 1.577 முதல் 1.583 வரை, டூர்மலினுக்கு 1.624 முதல் 1.644 வரை; பெரிடாட்டுக்கு 1.654 முதல் 1.690 வரை, ஸ்பைனலுக்கு 1.718 என்ற ஒற்றை எண். மாணிக்கமும் நீலக்கல்லும் அடங்கிய குருந்தத்துக்கு 1.762 முதல் 1.770 வரை. இந்த எண்களில் சிலவற்றை மனத்தில் வைத்திருப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

இதன் வலிமை மஞ்சள் கற்களில் நன்றாகத் தெரிகிறது. மஞ்சள் சஃபையர் (குருந்தத்தின் மஞ்சள் வகை), டோபாஸ், சிட்ரின் மூன்றும் ஒரே இளமஞ்சளில் கிடைக்கின்றன. மதிப்பிலோ மூன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் சஃபையர் 1.76க்கு அருகிலும், டோபாஸ் 1.61 முதல் 1.64 வரையிலும், சிட்ரின் 1.55க்கு அருகிலும் நிழல்கோடு காட்டும். மூன்று இடங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வேறு எந்தச் சோதனையையும் தேடாமல் ஒரே அளவீட்டில் இந்த மூன்றும் பிரிந்துவிடுகின்றன. நீல டோபாஸையும் அக்வாமரீனையும் பிரிப்பதும் அப்படியே: முன்னது 1.61ஐ ஒட்டி, பின்னது 1.58ஐ ஒட்டி.

அளவெடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழைகள் பெரும்பாலும் கல்லில் இல்லை, அளவெடுப்பதில் இருக்கின்றன. கருவியின் கண்ணாடிப் பரப்பில் குண்டூசித் தலையளவு தொடுதிரவம் வைத்து, கல்லின் மிகப் பெரிய மேற்பட்டையை அதன் மேல் கவிழ்த்து வைக்கிறோம். மஞ்சள் ஒற்றைநிற ஒளியில் பார்க்கும்போது அளவுகோலின் ஒரு பகுதி இருண்டும் மறுபகுதி வெளிச்சமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் எண். தொடுதிரவத்துக்கும் சொந்தமாக ஓர் எண் உண்டு. வழக்கமான திரவத்தில் அது 1.79 அல்லது 1.81 என்ற இடத்தில் மெல்லிய கோடாக எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். கல்லின் கோடு தென்படாதபோது புதியவர்கள் திரவத்தின் கோட்டையே கல்லின் எண்ணாக எழுதிவிடுகிறார்கள். வெள்ளை ஒளியில் பார்த்தால் கோட்டின் இடத்தில் வானவில் நிறப் பட்டை தெரிந்து, மூன்றாவது தசம இடத்தில் ஐயம் வந்துவிடும். ஆகவே சோடியம் மஞ்சளுக்கு நிகரான ஒளி அவசியம். கல்லை எடுக்கும்போது பரப்பின் மீது இழுக்காமல் தூக்க வேண்டும். கருவியின் கண்ணாடி மென்மையானது, ஒரு குருந்தக் கல் அதை எளிதாகக் கீறிவிடும்.

ஒளிவிலகல் எண்ணின் குறைகள் மூன்று. முதலாவது, திரவத்தின் எண்ணுக்கு மேற்பட்ட கற்களை அது அளக்காது. வைரம், சிர்கான், க்யூபிக் சிர்கோனியா, மாய்சனைட் அனைத்துக்கும் 'அளவுக்கு மேல்' என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இரண்டாவது, தட்டையாக மெருகிட்ட பரப்பு வேண்டும். குமிழ் வடிவக் கற்களில் சிறு புள்ளி வழியாகத் தோராயமாக அளக்கலாம் என்றாலும், இரண்டாம் தசம இடத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது, இரட்டைக் கோடும் அதில் தெரியாது. மூன்றாவது, சில எண்கள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. பைரோப், அல்மண்டைன் ஆகிய இரண்டும் கலந்த சிவப்புக் கார்னெட்டுகளின் எண் அவற்றின் கலவைக்கு ஏற்ப நீண்ட வரம்பில் நகர்வதால், மாணிக்கத்தின் 1.76 என்ற இடத்திலேயே ஒரு கார்னெட்டும் வந்து நிற்க முடியும். அங்கே எண்ணை மட்டும் நம்புகிறவர் கார்னெட்டை மாணிக்கம் என்று எழுதிவிடுவார்.

ஒற்றையா, இரட்டையா?

ஒளி ஒரே கதிராகச் செல்லும் கற்களும், நுழைந்தவுடன் இரண்டு கதிர்களாகப் பிரியும் கற்களும் என ரத்தின உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கனசதுரப் படிகங்களான வைரம், ஸ்பைனல், கார்னெட், க்யூபிக் சிர்கோனியா ஆகியவையும், படிக அமைப்பே இல்லாத கண்ணாடி, ஓபல், அம்பர் ஆகியவையும் முதல் பக்கம். மற்றவை பெரும்பாலும் இரண்டாவது பக்கம். மேலே சொன்ன கார்னெட் சிக்கலை இந்தப் பிரிவினை உடனே தீர்த்துவிடுகிறது. மாணிக்கத்தின் 1.762, 1.770 என்ற இரண்டு கோடுகளும் ரிஃப்ராக்டோமீட்டரிலேயே தெரியும். கண்பகுதியில் வைக்கும் முனைவாக்க வில்லையை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) திருப்பினால் ஒரு கோடு மறைந்து மற்றொன்று தோன்றும். கார்னெட்டில் எவ்வளவு திருப்பினாலும் ஒரே கோடுதான். ஆகவே எண்ணைப் படித்ததோடு கருவியை மூடிவிடாமல், கல்லைச் சுழற்றி, வில்லையைத் திருப்பிக் கோடுகள் நகர்கின்றனவா என்று பார்ப்பதையும் அளவீட்டின் பகுதியாகவே கொள்ள வேண்டும். ஒரு கோடு நிலையாக நிற்க மற்றொன்று மட்டும் நகர்ந்தால் கல் ஓரச்சுப் படிகம், அதாவது ஒளி பிரியாமல் செல்லும் திசை (ஒளியச்சு) ஒன்றே கொண்டது. குருந்தம், குவார்ட்ஸ், பெரில், டூர்மலின் இவ்வகை. இரண்டு கோடுகளும் நகர்ந்தால் அது இரண்டு ஒளியச்சுகள் கொண்ட ஈரச்சுப் படிகம். டோபாஸ், பெரிடாட், கிரிசோபெரில் இவ்வகை. ஒரே கருவியில் இரண்டு பண்புகளைப் பெறும் இந்த வசதிதான் என்னை ரிஃப்ராக்டோமீட்டரின் பக்கம் சாய வைக்கிறது.

கண்ணாடியைப் பிடிப்பதற்கு ஒரு நல்ல விதி இதிலிருந்து கிடைக்கிறது. ரத்தினங்களைப் போலச் செய்யப்படும் கண்ணாடிகளின் எண் பெரும்பாலும் 1.47 முதல் 1.70 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். டோபாஸின் எண்ணிலேயே ஒரு கண்ணாடியை வார்த்துவிட முடியும். ஆனால் 1.50க்கும் 1.70க்கும் இடையே ஒற்றை ஒளிவிலகல் கொண்ட ஒளிபுகும் இயற்கைக் கல், அம்பரைத் தவிர, பரவலான புழக்கத்தில் ஏறக்குறைய இல்லை. அந்த இடைவெளியில் ஒற்றைக் கோடு காட்டும் பட்டை தீட்டிய கல்லைக் கண்டால், அது கண்ணாடி என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

கருவியில் வைக்க முடியாத கற்களுக்குப் போலாரிஸ்கோப் இருக்கிறது. குறுக்காக வைக்கப்பட்ட இரண்டு முனைவாக்கத் தகடுகளுக்கு இடையே கல்லை ஒரு முழுச் சுற்று சுழற்றினால், இரட்டை விலகல் கல் நான்கு முறை இருண்டு நான்கு முறை ஒளிரும். ஒற்றை விலகல் கல் முழுவதும் இருளிலேயே இருக்கும். நுண்படிகத் திரளான ஜேடும் சால்சிடனியும் தொடர்ந்து வெளிச்சமாகவே இருக்கும். விளக்கத்தில் இது எளிமையாகத் தோன்றினாலும் நடைமுறையில் இரண்டு இடங்களில் ஏமாற்றும். கார்னெட்டும் செயற்கை ஸ்பைனலும் கண்ணாடியும் உள் இறுக்கத்தால் அலையலையான ஒளிக்கீற்றுகளைக் காட்டி, இரட்டை விலகல் போல நடிக்கும். எந்த இரட்டை விலகல் கல்லும் தன் ஒளியச்சு வழியே பார்க்கப்படும்போது ஒற்றை விலகல் போலவே நடந்துகொள்ளும் என்பது மற்றொன்று. அதனால் குறைந்தது மூன்று திசைகளிலாவது கல்லைத் திருப்பி வைத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அடர்ந்த சிவப்புக் கற்களில் ஒளியே சரியாக ஊடுருவாது. இந்தக் காரணங்களால், தனித்து முடிவு சொல்லும் கருவியாகப் போலாரிஸ்கோப்பை நான் மதிப்பதில்லை. துணைச் சாட்சியாக அது நல்லது.

இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருந்தால் கருவியே தேவையில்லை. பெரிடாட்டில் அது 0.036, மாய்சனைட்டில் 0.043, சிர்கானில் 0.059 வரை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைவில்லை வழியாக மேற்பட்டையினூடே எதிர்ப்பக்கத்துப் பட்டைகளின் ஓரங்களைப் பார்த்தால், ஒவ்வோர் ஓரமும் நெருங்கிய இரண்டு கோடுகளாகத் தெரியும். குவார்ட்ஸிலும் குருந்தத்திலும் வேறுபாடு 0.009ஐ ஒட்டியே இருப்பதால் இந்த இரட்டிப்பைக் கண்ணால் பார்ப்பது கடினம்.

நிறத்தைத் திசைவாரியாகப் பார்ப்பது

கருவிகளுள் மிகவும் குறைவாக மதிக்கப்படுவது டைக்ரோஸ்கோப் என்பது என் எண்ணம். விரலளவுக் குழாய், உள்ளே ஒரு கால்சைட் துண்டு அல்லது இரண்டு முனைவாக்கத் தகடுகள், அவ்வளவுதான். இரட்டை விலகல் கொண்ட நிறக் கற்களில், பிரிந்து செல்லும் இரு கதிர்களும் வெவ்வேறு நிறங்களை இழக்கின்றன. இந்தக் குழாய் அந்த இரண்டு நிறங்களையும் அருகருகே இரு கட்டங்களாகக் காட்டுகிறது. மாணிக்கத்தை நல்ல வெள்ளை ஒளியின் முன் பிடித்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் ஊதா கலந்த சிவப்பும் மற்றதில் ஆரஞ்சு கலந்த சிவப்பும் தெரியும். ஸ்பைனலிலும் கார்னெட்டிலும் சிவப்புக் கண்ணாடியிலும் இரண்டு கட்டங்களும் ஒரே சிவப்பு. நீலக்கல்லில் ஊதாநீலமும் பச்சைநீலமும். நீல ஸ்பைனலில் ஒரே நீலம். மரகதத்தில் நீலப்பச்சையும் மஞ்சள்பச்சையும். பச்சைக் கண்ணாடியில் எதுவும் பிரியாது. நகையில் பதித்த கல்லையும், குமிழ் வடிவக் கல்லையும் இதில் பார்க்கலாம்; திரவமும் வேண்டாம், தட்டைப் பரப்பும் வேண்டாம்.

ஆனால் இந்தச் சாட்சியத்தின் தன்மையைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். இரண்டு நிறங்கள் தெளிவாகத் தெரிந்தால் கல் இரட்டை விலகல் உடையது என்பது உறுதி. கண்ணாடியும் ஸ்பைனலும் கார்னெட்டும் அந்தக் கணமே விலகிவிடுகின்றன. இரண்டு நிறங்கள் தெரியாவிட்டால் எதுவும் உறுதியில்லை. கல் வெளிறியதாக இருக்கலாம். ஒளியச்சு வழியே பார்த்திருக்கலாம். 'உண்டு' என்ற விடை ஆதாரமாகும், 'இல்லை' என்ற விடை ஆதாரமாகாது. இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டால், வெளிறிய நல்ல நீலக்கல் ஒன்றைக் கண்ணாடி என்று ஒதுக்கிவிட நேரும்.

இந்தப் பண்பு மட்டுமே அழகாகப் பிரித்துவிடும் கற்களும் உண்டு. டான்சனைட்டும் அயோலைட்டும் நீலக்கல்லைப் போலத் தோன்றக்கூடியவை. இரண்டும் ஈரச்சுப் படிகங்கள் என்பதால் திசைக்குத் திசை மூன்று நிறங்களைக் காட்ட வல்லவை. அயோலைட்டில் ஒரு திசையில் ஆழ்ந்த ஊதாநீலமும் வேறொரு திசையில் ஏறக்குறைய நிறமற்ற வெளிர்மஞ்சளும் தெரியும். கருவி இல்லாமலே கல்லைத் திருப்பும்போது நிறம் வற்றிப்போவதைக் காணலாம். நீலக்கல் ஒருபோதும் அப்படி நிறமிழப்பதில்லை. அயோலைட்டின் ஒளிவிலகல் எண் குவார்ட்ஸின் எண்ணோடு ஏறக்குறைய ஒன்றியிருப்பதால், அதை ஊதா நிறக் குவார்ட்ஸிலிருந்து பிரிப்பதற்கும் எண்ணைவிட இந்த நிற வேறுபாடே விரைவான வழி.

நிறமாலையும் ஒளிர்தலும்

நிறமாலைக் காட்டி வழியாகப் பார்க்கும்போது, கல்லுக்குள் எந்தத் தனிமம் நிறத்தைத் தருகிறது என்பது கறுப்புக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் தெரிகிறது. மாணிக்கத்தில் சிவப்பின் முனையில் 694 நானோமீட்டரை ஒட்டி ஓர் இரட்டைக் கோடு இருக்கும். சரியான ஒளியமைப்பில் அது கறுப்பாக இல்லாமல் பிரகாசமாகவே மின்னும். நீலப் பகுதியில் 476, 468 நானோமீட்டர்களை ஒட்டி மெல்லிய கோடுகள் இருக்கும். சிவப்பு ஸ்பைனலில் குரோமியம் இருந்தாலும் அந்த நீலக் கோடுகள் இல்லை. சிவப்பு முனையில் ஒரே கோட்டுக்குப் பதிலாகப் பல ஒளிர்கோடுகள் குழாய் வரிசை போல நிற்கும். இரும்பால் நிறம்பெற்ற அல்மண்டைன் கார்னெட்டில் 505, 527, 576 நானோமீட்டர்களில் மூன்று வலுவான பட்டைகள் இருக்கும். அவற்றை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இரும்பு மிகுந்த இயற்கை நீலக்கல்லில் 450 நானோமீட்டரில் பட்டை தெரியும். கோபால்ட்டால் நிறமூட்டப்பட்ட நீலக் கண்ணாடியிலும் செயற்கை ஸ்பைனலிலும் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதிகளை மறைக்கும் மூன்று அகன்ற பட்டைகள் தெரியும்.

இவ்வளவு நேரடியாகக் கல்லின் வேதியியலைக் காட்டும் கருவியை ஏன் முதலில் பரிந்துரைக்கவில்லை என்று கேட்கலாம். கையடக்க நிறமாலைக் காட்டியைப் படிக்கக் கண்ணுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். கல்லின் ஊடாகவோ கல்லிலிருந்து எதிரொளித்தோ வரும் வலுவான ஒளியைச் சரியாகப் பிளவுக்குள் செலுத்துவதே ஒரு கலை. வெளிறிய கற்களும் மிகச் சிறிய கற்களும் எதையும் காட்டாமல் போகலாம். இரும்பு குறைந்த நீலக்கல்லில் 450 பட்டை தென்படாமலும் இருக்கும். பழகிய கையில் இதைவிடச் சிறந்த கருவி இல்லை. பழகாத கையிலோ, இருப்பதாக எதிர்பார்த்த கோட்டை இருப்பதாகவே கண் கற்பித்துக்கொள்ளும்.

புற ஊதா விளக்கின் பயன் குறுகியது. மாணிக்கமும் சிவப்பு ஸ்பைனலும் நீள் அலைப் புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிரும். சிவப்புக் கார்னெட் ஒளிராது. ஆகவே அது கார்னெட்டை விலக்க உதவும், மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பிரிக்க உதவாது. இரும்பு மிகுந்த இயற்கை மாணிக்கம் மங்கலாகவே ஒளிரும். செயற்கை மாணிக்கம் பெரும்பாலும் தீவிரமாக ஒளிரும். ஆனால் இரும்பு குறைந்த இயற்கைக் கல்லும் அதே தீவிரத்தில் ஒளிரக்கூடும் என்பதால், ஒளிர்தலின் அளவை வைத்து இயற்கை, செயற்கை என்று தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது. செல்சி வடிகட்டி பற்றியும் இதையே சொல்வேன். 1934இல் உருவாக்கப்பட்ட அந்த வடிகட்டி வழியாகப் பல மரகதங்கள் சிவப்பாகத் தெரியும் என்பது உண்மை. சில நல்ல மரகதங்கள் பச்சையாகவே நிற்கும், செயற்கை மரகதங்கள் இன்னும் அழகிய சிவப்பாகத் தெரியும் என்பதும் உண்மை. குவியலாக வந்த பச்சைக் கற்களில் எவற்றை முதலில் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்று பிரித்துவைக்க மட்டுமே அது போதும்.

வைரமும் வைரம்போல் இருப்பவையும்

நிறமற்ற கற்களுக்கு வரும்போது ஒப்பீட்டின் வரிசையே மாறிவிடுகிறது. நிறமில்லாத இடத்தில் டைக்ரோஸ்கோப்புக்கு வேலை இல்லை, 2.417 என்ற எண்ணை உடைய வைரத்தை ரிஃப்ராக்டோமீட்டரால் அளக்கவும் முடியாது. இருந்தாலும் அக்கருவி இங்கும் விலக்கும் வேலையைச் செய்கிறது. நிறமற்ற சஃபையர், டோபாஸ், குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடி ஆகியவை எல்லாம் அளவுகோலுக்குள் எண் காட்டிவிடும். எண் காட்டிய எதுவும் வைரம் அல்ல.

அளவுக்கு மேல் போன கற்களில் மூன்று முக்கியமானவை: சிர்கான், க்யூபிக் சிர்கோனியா, மாய்சனைட். சிர்கானை லூப்பில் தெரியும் இரட்டை ஓரங்கள் காட்டிக்கொடுக்கும். மாய்சனைட் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய கல். ஹென்றி மொய்சான் 1893இல் அரிசோனாவில் விழுந்திருந்த விண்கல்லின் துகள்களில் கண்டெடுத்த சிலிக்கன் கார்பைடு இது. இன்று நகைகளில் இருப்பதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்தவையே. வெப்பத்தைக் கடத்துவதில் வைரத்துக்கு அருகில் இருப்பதால், வெப்ப முனையால் தொட்டுச் சோதிக்கும் எளிய வைரச் சோதனைக் கருவிகள் இதையும் வைரம் என்றே சொல்லும். இங்கேதான் ஒளியியல் மேலோங்குகிறது. மாய்சனைட்டை வெட்டுபவர்கள் இரட்டிப்பு வெளியே தெரியாதபடி ஒளியச்சை மேற்பட்டைக்கு நேர்செங்குத்தாக வைத்தே வெட்டுகிறார்கள். எனவே மேற்பட்டை வழியாக நேராகப் பார்ப்பவருக்கு ஒற்றை ஓரங்களே தெரியும். கல்லைச் சற்றே சாய்த்து, மேற்பட்டையைச் சுற்றியுள்ள காற்றாடி வடிவப் பட்டை ஒன்றின் வழியாக அடிமுனையை நோக்கி லூப்பைக் குவித்தால், அடியில் உள்ள பட்டை ஓரங்கள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். வைரத்தில் எந்தக் கோணத்திலும் இது நிகழாது. வெப்பக் கருவியும் இந்த ஒரு பார்வையும் சேர்ந்தால் மாய்சனைட் தப்பவே முடியாது.

க்யூபிக் சிர்கோனியா வைரத்தைப் போலவே ஒற்றை விலகல் கொண்டது. ஆகவே இரட்டிப்பு இங்கே உதவாது, வெப்பக் கருவிதான் உடனே பிரிக்கும். அதன் எண் 2.15 முதல் 2.18 வரை என்பதால், முழுச்சீராக வெட்டப்பட்ட வட்டக் கல்லைக் கவிழ்த்து ஒரு கோட்டின் மேல் வைத்தால் வைரத்தின் வழியே கோடு தெரியாது, க்யூபிக் சிர்கோனியாவின் வழியே வளைந்து சிதறித் தெரியக்கூடும். வெட்டு ஆழம் குறைந்த வைரத்திலும் கோடு தெரிந்துவிடும். மாய்சனைட்டிலோ எண் வைரத்தைவிட உயர்ந்தது என்பதால் தெரியாது. இந்தச் சோதனையைப் பலர் பெரிதாகப் பேசுவதற்கு ஏற்ற நம்பகத்தன்மை அதற்கு இல்லை.

நிறப்பிரிகை, அதாவது கல் வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகச் சிதறடிக்கும் அளவு, வைரத்தில் 0.044, க்யூபிக் சிர்கோனியாவில் சுமார் 0.060, மாய்சனைட்டில் 0.104. எண்களில் இடைவெளி பெரியது. கண்ணில் படும் வண்ணத் தெறிப்போ வெட்டுக் கோணங்களாலும், அறையின் விளக்குகளாலும், கல்லின் தூய்மையாலும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாய்சனைட்டின் மிகையான வண்ணத் தெறிப்பு ஐயத்தைத் தூண்டப் போதுமானது. தீர்ப்புக்குப் போதுமானது அல்ல. ஆறு பண்புகளில் கடைசி இடத்தை நான் இதற்கே தருவேன்.

எதை முதலில் வாங்குவது, எங்கே நிறுத்துவது?

பதிக்காத நிறக் கற்களைக் கையாள்பவர் ரிஃப்ராக்டோமீட்டரில் முதலீடு செய்வதே நல்லது. ஒளிவிலகல் எண், இரட்டை விலகல், படிக வகை என்ற மூன்று செய்திகளை ஒரே இருக்கையில் தரும் வேறு கருவி இல்லை. நகையில் கட்டிய கற்களையே பெரும்பாலும் பார்ப்பவருக்கு டைக்ரோஸ்கோப் முதலில் வேண்டும். மாணிக்கம், ஸ்பைனல், கார்னெட் என்ற மூவரில் ஒருவரைத் தேடும்போது, எண்ணோடு இருநிறத் தன்மையையும் பார்த்தால் போதும்: 1.718இல் ஒற்றைக் கோடு நின்றால் ஸ்பைனல், 1.728இல் நின்றால் தீச்சுடரில் வளர்த்த செயற்கை ஸ்பைனலாக இருக்கும் வாய்ப்பு மிகுதி, 1.76இல் இரட்டைக் கோடும் இரு நிறங்களும் சேர்ந்தால் குருந்தம். அதே 1.76இல் ஒற்றைக் கோடும் ஒரே நிறமும் என்றால் கார்னெட். கோமேதகத்தின் எண் 1.74ஐ ஒட்டியது, ஒற்றைக் கோடு. அதே தேன்நிறத்தில் வரும் கிரிசோபெரில் 1.746, 1.755 என இரட்டைக் கோடு காட்டும். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகாதபோது மூன்றாவதாக நிறமாலையை அழைக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்போது மூன்றாவதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஒளியியல் பண்புகள் கல் எந்தக் கனிமம் என்பதைச் சொல்கின்றன. அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. ஒகுஸ்த் வெர்னுய் தீச்சுடர் முறையில் மாணிக்கத்தை வளர்த்துக் காட்டியதை 1902இல் அறிவித்தார். அந்தக் கல்லின் ஒளிவிலகல் எண்ணும் இரட்டை விலகலும் குரோமியக் கோடுகளும் சுரங்க மாணிக்கத்தின் அதே மதிப்புகளே, ஏனெனில் இரண்டும் ஒரே பொருள். செயற்கை மரகதத்தில் ஒரு சிறு விலக்கு உண்டு: உருகுகரைசலில் வளர்த்த சிலவற்றில் எண் 1.561, 1.564 என்று இயற்கைக் கல்லைவிடத் தாழ்ந்தும் வேறுபாடு 0.003 என்று குறுகியும் இருக்கும். குருந்தத்தில் அப்படிப்பட்ட உதவி இல்லை. செயற்கை மாணிக்கத்தை வெட்டுபவர்கள் ஒளியச்சின் திசையைப் பொருட்படுத்தாமல் வெட்டுவதால், மேற்பட்டை வழியே நேராகப் பார்க்கும்போதே டைக்ரோஸ்கோப்பில் இரு நிறங்கள் தெரிவதுண்டு. அது ஒரு குறிப்பு மட்டுமே. உண்மையான விடை லூப்பிலும் நுண்ணோக்கியிலும் கல்லின் உள்ளே இருக்கிறது: தீச்சுடர்க் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழ்களும், இயற்கைக் கல்லில் நேரான, கோணமாக மடியும் நிறப் பட்டைகளும், ஊசிகள் போன்ற உட்பதிவுகளும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே நிலைதான்; அங்கே லூப்பும் பெரும்பாலும் போதாது, உயர்நிலைக் கருவிகள் உள்ள ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும்.

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இந்த எல்லையை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. விரிசல்கள் நிறைந்த தரங்குறைந்த குருந்தத்தில் உயர் ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடியை நிரப்பி விரிசல்களை மறைக்கிறார்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் 1.76, இரட்டைக் கோடு. டைக்ரோஸ்கோப்பில் ஊதாச்சிவப்பும் ஆரஞ்சுச்சிவப்பும். நிறமாலையில் குரோமியக் கோடுகள். அளக்கும் ஒவ்வொரு பண்பும் மாணிக்கம் என்றே உண்மை சொல்லும். லூப்பின் கீழ் கல்லை விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்தால் மட்டுமே, விரிசல்களின் ஊடே நீலமாகவோ ஆரஞ்சாகவோ ஒரு பளிச்சிடல் ஓடி மறைவதையும், கண்ணாடிக்குள் சிக்கிய தட்டையான குமிழ்களையும் காண முடியும். அதனால்தான், எந்தக் கருவியை வாங்கினாலும், தொடுதிரவக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே கல்லை நன்றாகத் துடைத்து லூப்பில் முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.